மாஸ்டர் வீட்டு லைனுக்கு மாறிய பரீட்சை

பெயர்: மரியசூசை ஜெனிற்றா. வயது: முப்பத்தாறு. முகவரி: ஆனைக்கல் தோட்டம், மேல்பிரிவு, லுணுகலை. தொழில்: லுணுகலை டவுனில் போன், கொம்பியூட்டர் திருத்தும் கடை. தமிழ் எழுத வாசிக்கத் தெரியும். தேசிய அடையாள அட்டை காட்டப்பட்டது. சார்ஜன்ட் ஹிஷாம் கேட்டு எழுத, தமிழில் சொல்வதாவது:

என்னை யாரும் இங்கே அழைத்து வரவில்லை. ரெங்கசாமி மாஸ்டரை நேற்று இந்த நிலையத்துக்குக் கொண்டுவந்து வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டு நானாக வந்தேன். அவர் எங்கள் தோட்டப் பாடசாலையில் கணிதம் படிப்பிப்பவர். எங்கள் பிரிவைச் சேர்ந்த நிலுக்ஷி என்ற பிள்ளை, வெளிநாட்டில் தாதியர் பயிற்சிக்குப் போவதற்காக ஒரு நுழைவுப் பரீட்சை எழுதினாள். அதற்கு வயதெல்லை இருப்பதால் இந்தத் தடவைதான் அவளுக்குக் கடைசி. அந்தப் பரீட்சையின் கணக்குப் பகுதியை மாஸ்டர் தன் வீட்டிலிருந்து அவளுக்காக எழுதினார் என்பது முறைப்பாடு. அது பொய். மாஸ்டரை விட வேண்டும், பிள்ளையின் பரீட்சையும் செல்லுபடியாக வேண்டும், அதற்காகத்தான் வந்தேன்.

பரீட்சை இன்டர்நெட்டில் நடப்பது. எழுதுபவர் தனி அறையில் இருக்க வேண்டும், கேமராவும் மைக்கும் திறந்திருக்க வேண்டும், அறையில் வேறு ஆள் இருக்கக் கூடாது. எங்கள் பிரிவில் மலை மறைப்பதால் போனில் பேசுவதற்கே சிக்னல் தட்டுப்பாடு. இன்டர்நெட் வரும் பழைய டெலிபோன் கம்பி லைன்கள் மூன்று இடங்களில் இருக்கின்றன. ஒன்று மாதா கோவிலில், ஒன்று மாரியம்மன் கோயில் கமிட்டி அறையில், மற்றது மாஸ்டர் வீட்டில். டவுனிலிருந்து வெகுதூரம் வருவதால் எந்த லைனிலும் படம் பார்க்கலாமே தவிர, படம் அனுப்புவதற்குப் போதாது. புது லைன் கேட்டதற்குக் கம்பி மீதம் இல்லை என்றார்கள். அதன் பின்னர் நிலுக்ஷி என் கடைக்கு வந்து, "மூணையும் ஒண்ணாக் கட்டிற முடியாதாக்கா?" என்று கேட்டாள். லைனை வாங்கிப் பிரித்துக் கொடுக்கும் ரவுட்டர் பெட்டி ஒன்று இருந்தால் முடியும் என்றேன்.

இவ்விடத்தில் சார்ஜன்ட், "ரவுட்டர் கதை எல்லாம் வேணாம் தங்கச்சி, நடந்ததச் சொல்லுங்க" என்றார். "ரவுட்டர்தான் சேர் நடந்ததே" என்றேன். எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டேன்.

மூன்று லைனைச் சேர்ப்பதில் இரண்டு விதம் உண்டு. மலைத் தண்ணீர் விழும் பீலிகள் மூன்றையும் ஒரே பீப்பாயில் விழ வைப்பது போன்றது ஒன்று. அதற்கு லைன் கொடுக்கும் கம்பனி தன் பக்கத்திலும் ஒத்துழைக்க வேண்டும், அவர்கள் மாட்டோம் என்றார்கள். கம்பனி இல்லாமல் செய்வதென்றால் வெளியே எங்காவது ஒரு கொம்பியூட்டரை வாடகைக்கு எடுத்து, மூன்று லைனிலும் போவதை அங்கே கொண்டுபோய் ஒன்றாக்கி அனுப்ப வேண்டும். மற்ற விதத்தில் தண்ணீர் சேராது. ஒரு பீலி நின்றால் குடத்தைத் தூக்கி அடுத்த பீலியில் வைப்பதைப் போன்றது அது.

எந்த ரவுட்டர் வாங்குவது என்பதில் எனக்குப் பெரிய தலையிடி. லைன்களைச் சேர்ப்பதற்கென்றே செய்த பெட்டி எங்களுக்கு எட்டாது. பழைய ரவுட்டர் ஒன்றை எடுத்து, அதை ஓட்டும் மென்பொருளாகிய ஃபேர்ம்வெயரை மாற்றிப் போடலாம் என்று முடிவு செய்தேன். ரவுட்டர் செய்த கம்பனி போட்டுவிட்ட ஃபேர்ம்வெயருக்கு ஒரு லைனுக்கு மேல் தெரியாது. முதலில் எடுத்த ரவுட்டரில் புது ஃபேர்ம்வெயர் கொள்ள இடம் போதவில்லை. அதன் பின்னர் பதுளையில் வேறொன்று எடுத்தேன். ஒரே மொடலில் இரண்டு பதிப்பு உண்டு, வெளித்தோற்றம் ஒன்றுதான், அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில்தான் வித்தியாசம். மற்றதன் ஃபேர்ம்வெயரைப் போட்டால் ரவுட்டர் செத்துப்போகும். அதை ஏற்றும்போது கரண்ட் போய்விடக் கூடாதே என்று மாதாவை மன்றாடிக்கொண்டு இருந்தேன். ஏறிவிட்டது.

அதன் பின்னர் மூன்று இடத்திலிருந்தும் பிள்ளை மடுவத்துக்கு வயர் இழுத்தோம். கைக்குழந்தைகளை வைத்துப் பார்க்கும் அந்தக் கட்டடம் மூன்றுக்கும் நடுவில் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை பூட்டியிருக்கும். உபதேசியார் அந்தோனி மாதா கோவில் லைனைத் தந்தார். கோயில் கமிட்டித் தலைவர் அழகர் தங்கள் லைனைத் தந்ததோடு, பரீட்சை முடியும்வரை கோயில் ஸ்பீக்கரைப் போடுவதில்லை என்றும் ஒத்துக்கொண்டார். மாஸ்டரோ நாங்கள் கேட்பதற்கு முன்னரே தன் லைனைத் தந்துவிட்டார். ரவுட்டரைப் பக்கத்திலுள்ள பால் காய்ச்சும் அறையில் வைத்தேன்.

வாடகைக் கொம்பியூட்டர் வழியாக மூன்றையும் ஒன்றாக்கியபோது கேமராப் படம் தண்ணீராகப் போனது. நிலுக்ஷி கைதட்டினாள். ஆனால் அந்த வாடகைக் கொம்பியூட்டர் இருந்தது சிங்கப்பூரில். பரீட்சைக்கு முந்திய ஒத்திகையில், வெளிநாட்டு முகவரியிலிருந்து மறைந்து வருவதாகச் சொல்லி பரீட்சைக் கம்பனியின் புரோகிராம் எங்களை வெளியே தள்ளிவிட்டது. வேறு வழியில்லாமல் இரண்டாவது விதத்துக்கு மாற்றினேன். கேமராப் படத்தை ஆகச் சிறிதாக்கியபோது மாதா கோவில் லைனிலும் கோயில் லைனிலும் தனித்தனியாகவே ஒருவாறு போனது. மாதா கோவில் லைன் முதலில், அது விழுந்தால் மாஸ்டர் லைன், கடைசியாகக் கோயில் லைன், ஏனென்றால் அது மழைக்கு இரையும். லைன் மாறினால் வெளியே தெரியும் முகவரியும் மாறும் என்பது எனக்குத் தெரியும். அன்றைக்கு மாறக் கூடாது என்று வேண்டிக்கொண்டதைத் தவிர அதற்கு நான் ஒன்றும் செய்யவில்லை.

பரீட்சை அன்று காலையில் அறையைக் கேமராவில் சுற்றிக் காட்டச் சொன்னார்கள். எதுவும் தொங்கக் கூடாது என்றதால் பிள்ளைகளின் தொட்டில் சேலைகளை எல்லாம் அவிழ்த்து வெளியே எடுத்தோம். அந்த நேரம் நான் மாதா கோவில் லைனைச் சரிபார்த்துக்கொண்டிருந்ததால் மழை இல்லாததைப் பார்த்து அந்தச் சோதனையை நானே கோயில் லைனில் விட்டிருந்தேன். அதன் பின்னர் மாதா கோவில் லைனுக்கு மாற்றிக்கொடுத்து, நிலுக்ஷியைக் கதிரையில் இருத்தி, கதவைச் சாத்திக்கொண்டு பால் அறைக்குப் போய்விட்டேன். ஆங்கிலப் பகுதி முடியும்வரை லைன் நன்றாக இருந்தது. கணக்குப் பகுதி தொடங்கியதும் மழை கொட்டியது. மாதா கோவில் லைன் விழுந்தது. ரவுட்டர் மாஸ்டர் லைனைப் பிடித்துக்கொண்டது. அந்த லைன் பலவீனம் என்பதால் அதன் பின்னர் கேமராப் படம் போகவில்லை, விடைகள் மாத்திரம் போயின. முடிந்து வெளியே வந்த பிள்ளை, "கணக்கு எல்லாம் போட்டுட்டேங்க்கா" என்று என்னைக் கட்டிப்பிடித்தாள்.

அதன் பின்னர்தான் பரீட்சைக் கம்பனியின் பதுளை முகவர், ஆள்மாறாட்டம் என்று முறைப்பாடு செய்தார். முகவரிகள் யாருடைய லைன் என்று பொலிஸார் எடுத்துப் பார்த்ததில், படம் நின்றதற்குப் பிறகு வந்த கணக்கு விடைகள் அத்தனையும் கணக்கு மாஸ்டர் வீட்டு லைனில் வந்திருந்தன. ஜீப் தோட்டத்துக்கு வந்தது, மூன்று லைன்காரரையும் தனித்தனியே விசாரித்தார்கள். எங்கள் பெரியவர்கள் புத்தியைக் காட்டியது அப்போதுதான். லைனை வெளியே கொடுத்தது தெரிந்தால் வெட்டிவிடுவார்கள், பிள்ளைக்கும் பிரச்சினை வரும் என்று நினைத்து, உபதேசியார் பிள்ளை மாதா கோவிலில் இருந்து எழுதினாள் என்றார். அழகர் அவள் கமிட்டி அறையில் இருந்து எழுதினாள் என்றார். மாஸ்டர் தன் வீட்டு முன்னறையில் இருந்து எழுதினாள் என்றார். ஒருவருக்கொருவர் கேட்டுக்கொள்ளவில்லை. மூன்று பேரும் அவளைக் காப்பாற்றத்தான் சொன்னார்கள். ஒரே பிள்ளை ஒரே நேரத்தில் மூன்று இடத்தில் இருந்ததாக ஆகிவிட்டது. அழகரிடம் கேட்டதற்கு, "நம்ம புள்ளைய நாம விட்டுக்குடுக்க முடியுமா ஜெனிற்றா?" என்கிறார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை, அவரைத் திட்டவும் மனம் வரவில்லை.

லைன் மாறியது ரவுட்டரில் பதிந்திருந்தது. ஆனால் அந்தப் பதிவு கரண்ட் இருக்கும்வரைதான் நிற்கும். ரவுட்டரையும் நிலுக்ஷியின் லெப்டொப்பையும் சான்றுப் பொருளாகக் கொண்டுபோக வந்தவர்கள் ரவுட்டர் பிளக்கைப் பிடுங்கியதோடு அது அழிந்துவிட்டது. வயர்கள் இன்னும் பிள்ளை மடுவத்தில் இருக்கின்றன, வந்து பார்க்கலாம்.

இதற்குச் சார்ஜன்ட், "வயர் இருக்கிறது சரி. மழை பெய்யக்குள்ள அந்தக் கதிரையில இருந்தது நிலுக்ஷிதான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க கதவுக்கு அங்கால இருந்திருக்கீங்களே?" என்று கேட்டார். வயர்களை வந்து பார்க்கும்படி மறுபடியும் சொன்னேன். மாஸ்டரைப் பின்னேரம் நீதவான் முன் கொண்டுபோவதாகவும், அதற்குள் சொல்ல இருப்பதைச் சொல்லும்படியும் சார்ஜன்ட் சொன்னார். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன். அதன் பின்னர், வெளியே வாங்குப் பலகையில் தாயோடு உட்கார்ந்திருக்கும் நிலுக்ஷியிடம் ஒரு வார்த்தை பேச அனுமதி கேட்டேன். தரப்பட்டது. இவ்விடத்தில் பதிவு நிறுத்தப்பட்டது.

பதிவு மறுபடி தொடங்கியது. நான் மேலும் சொல்வதாவது: அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. பிள்ளையின் பரீட்சைக்காக அதைச் சொல்லாமல் இருந்தேன். லைன் விழுந்தபோது கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து நிலுக்ஷி, "அக்கா, போயிருச்சு!" என்று கத்தினாள். நானும் யோசிக்காமல், "கைய வைக்காத, மாஸ்டர் லைன்ல வருது" என்று கத்திவிட்டேன். லைன் போதாதபோது பரீட்சைப் புரோகிராம் மைக்கில் கேட்பதை லெப்டொப்பிலேயே சேமித்து வைக்கும் என்பதை ஒத்திகையின்போது நான் கண்டிருந்தேன். அந்த லெப்டொப் இந்த நிலையத்தில்தான் இருக்கிறது. அந்தச் சத்தம் வெளியே வந்தால் மாஸ்டர் குற்றமற்றவர் என்றாகும். எழுதும்போது வேறு குரல் கேட்டால் பரீட்சை ரத்து என்பதும் கம்பனியின் விதி.

வாங்கில் வைத்து இதை நிலுக்ஷியிடம் சொன்னேன். "எனக்குத் தெரியும்க்கா. கத்துன ஒடனேயே தெரியும். நீங்க சொல்லுவீங்களான்னுதான் பாத்துக்கிட்டிருந்தேன்" என்றாள். அவளுடைய தாய், "என்னாடி சொல்லுற?" என்று கேட்டதற்கு, "மாஸ்டர் வீட்டுக்குப் போகட்டும்மா" என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே வந்தாள். லெப்டொப்பின் கடவுச்சொல்லை அவளே அடித்துக் கொடுத்தாள்.

அதன் பின்னர் சார்ஜன்ட் முன்னிலையில் அந்தச் சத்தம் போட்டுக் கேட்கப்பட்டது. மாஸ்டரும் உள்ளிருந்து அழைத்துவரப்பட்டார். மழைச் சத்தமும், அவள் கத்தியதும், நான் கத்தியதும் கேட்டன. நான் அதை நிறுத்தப் போனபோது சார்ஜன்ட் வேண்டாம் என்று கை காட்டினார். அதன் பின்னர் அவள் தனக்குத்தானே கணக்குப் போடுவது கேட்டது. நோயாளிக்கு எவ்வளவு மருந்து என்ற கணக்கு. "நானூத்தம்பத எட்டால... அம்பத்தாறு. மிச்சம் ரெண்டு" என்று சின்னக் குரலில் சொல்லிவிட்டு நின்றுவிட்டாள். மாஸ்டர் தான் எங்கே நிற்கிறோம் என்பதை மறந்து லெப்டொப்பைப் பார்த்து, "மிச்சத்த விட்டுறாத புள்ள" என்றார். மழைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "ரெண்டு... எட்டுல ரெண்டு... காலு. அம்பத்தாறே கால்" என்றாள். மாஸ்டர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். நிலுக்ஷி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு அழுகை வந்தது, அதையும் எழுதலாம்.

மாஸ்டரை விடுவதாகச் சார்ஜன்ட் சொன்னார். முகவருக்குப் போன் பண்ணியதில், குரல் கேட்டிருந்தால் பரீட்சை ரத்து, அதில் பேச ஒன்றும் இல்லை என்று பதில் வந்தது. என்னுடைய ஒரு வேண்டுகோளை மாத்திரம் பதியும்படி கேட்கிறேன். அந்தச் சத்தத்தை அவர்களுக்கு அனுப்பும்போது எங்கள் இரண்டு பேருடைய குரல் வரும் இடத்தோடு வெட்டி அனுப்ப வேண்டாம். கடைசிக் கணக்கு முடியும்வரை அனுப்ப வேண்டும். ரத்துச் செய்பவர்கள் அதை முழுவதும் கேட்டுவிட்டு ரத்துச் செய்யட்டும்.

நான் சொன்னது இவ்வளவும் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. என் வாயிலிருந்து வந்தபடியே இருக்கிறது, கூடக்குறைய ஒன்றும் இல்லை. யாருடைய பயமுறுத்தலுக்கும் ஆளாகாமல், எல்லாம் உண்மை என்று அறிந்து கையொப்பம் இடுகிறேன்.

(ஒப்பம்) ம. ஜெனிற்றா

என் முன்னிலையில்: சார்ஜன்ட் ஹிஷாம்