சந்தனத்துக்கு அடியில் இருந்த துளை

என் பெயர் சுகுணா, வயது 76. காலஞ்சென்ற தரணிதரன் மனைவி. கொல்லிமலை, திருப்புலி நாட்டில் எங்கள் மிளகுத் தோட்டத்து வீட்டில் குடியிருக்கிறேன். என் கணவரின் விமானத்தில் நான் ஆத்திரத்தில் துளை போட்டுவிட்டதாக ஊரில் பேசுகிறார்கள். அது தவறு. விமானத்தைச் செய்தவர்களே வைத்த துளை அது.

நாலு பேர் உட்காரும் அந்தப் பழைய விமானம் இப்போது என் பெயரில் உள்ளது. காளப்பநாயக்கன்பட்டி அருகே எங்கள் சொந்த ஓடுதளத்துக் கொட்டகையில் நிற்கிறது. முன்பெல்லாம் தரை கண்ணுக்குத் தெரிந்தால்தான் அதை ஓட்ட முடியும். ஒருமுறை என் கணவர் எங்கள் மகள் கோகிலவாணியுடன் வரும்போது மலையோர மேகத்தில் சிக்கி, எப்படியோ இறங்கினார். அன்று அவர் சாப்பிடவில்லை. அவர் காலமான பின், விமானியான என் மகள் அதை ஓட்ட விரும்பினாள். மேகத்துக்குள்ளும் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும்படி மாற்றாமல் அவளை ஏற விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

அதன் பிறகு உரிமம் பெற்ற பொறியாளர் மாதேஸ்வரன் பழைய கருவிகளைக் கழற்றி, மின்திரைகளும், வழிகாட்டும் கருவியும், தனி பேட்டரியும் பொருத்தினார். என் கொழுந்தனார் அருணாசலமோ, விமானத்தை நெடுஞ்சாலை ஓட்டல் ஒன்றின் மாடியில் காட்சிக்கு வைக்கக் கொடுத்துவிடலாம் என்று சொல்லிவந்தார். நான் மறுத்தேன். இருந்தும் ஆயுத பூஜையன்று அவரே வந்து, லாரிக்கு வைப்பதுபோல விமானம் முழுவதும் சந்தனமும் குங்குமமும் வைத்தார்.

மறுநாள் சோதனையில் உயரம் காட்டும் கருவி அசையவில்லை. வெளிக்காற்றின் அழுத்தத்தை அதற்குக் கொண்டுபோகும் சிறு துளைகள் விமானத்தின் இரு பக்கமும் உண்டு. அவை சந்தனத்தால் அடைபட்டிருந்தன. அப்படியே மேகத்துக்குள் போயிருந்தால், விமானம் மலையை நோக்கி இறங்கினாலும் திரை பழைய உயரத்தையே காட்டியிருக்கும். மாதேஸ்வரன் உள்ளே குழாயைக் கழற்றிச் சுத்தம் செய்தார். நான் வெளியே ஈரத்துணியால் துடைத்தேன். அப்போது கொழுந்தனார் வந்தார்.

"ஏனுங்க அண்ணி, சாமிக்கு வெச்ச சந்தனத்தை அழிச்சது பத்தாதுன்னு ஓட்டை வேற போட்டுட்டீங்களா?"

"அந்தப் பக்கமும் ஒண்ணு இருக்குதுங்க, போய்ப் பாருங்க. அதுக்கும் நீங்கதான் பொட்டு வெச்சிருக்கீங்க."

மாதேஸ்வரன் சிரித்துவிட்டார். "இந்த வயசுல ஏரோப்பிளேனு கேக்குதாக்கும்!" என்று சொல்லிவிட்டுப் போன கொழுந்தனார், நேராக இந்தக் காவல் நிலையத்துக்கு வந்து, நான் புத்தி தடுமாறி விமானத்தைச் சேதப்படுத்தியதாகப் புகார் கொடுத்தார். அதன் பேரில் கொட்டகை பூட்டப்பட்டது. அதற்கு முன்பே மறுசோதனையில் கருவி சரியாக வேலை செய்ததாக மாதேஸ்வரன் சான்றளித்துள்ளார். திங்கட்கிழமை அரசு ஆய்வாளர் முன்னிலையில் என் மகள் அதை ஓட்டிக் காட்ட வேண்டும். ஓட்டல்காரர் ஏற்கெனவே வந்து இறக்கையை அளந்துவிட்டுப் போயிருக்கிறார்.

மேற்கண்டவை நான் சொன்னபடியே எழுதப்பட்டுள்ளன. நானே ஒருமுறை படித்து, இரண்டு பிழைகளைத் திருத்திக் கையெழுத்திடுகிறேன். கொட்டகையை எந்தச் சட்டத்தின் கீழ் பூட்டினீர்கள், எப்போது திறப்பீர்கள் என்று திங்கட்கிழமைக்குள் எனக்கு எழுத்தில் பதில் தரவும்.

(ஒப்பம்) த. சுகுணா