குந்தி எழுந்தவள்

கிளேபாங் கடற்கரை தாண்டியதும், பஸ்ஸில் என் முன் சீட்டில் ஹோட்டல் யூனிபார்மோடு இருந்த பெண் பக்கத்து அக்காவிடம் சொன்னாள்:

"எந்திரிக்கணும்னு நெனச்சா முழுகிருவோம் கா. குந்தணும்."

"எங்கடி குந்துன?"

"கடல்லதான். வாட்டர் ஸ்கீ. ஹோட்டல்ல ஸ்டாஃப் டேக்கு எங்களையும் ஏத்திவிட்டாங்க. கால்ல நீளப் பலகை, கையில கயிறு. போட் இழுத்ததும் பதறி எந்திரிப்பேன், குப்புற விழுவேன். எங்க வீட்டுக்காரரு கரையில நின்னு, 'எருமை குளிக்குது'ன்னு சிரிக்கிறாரு."

"போதும்னு வந்துட்டியா?"

"வருவேனா? போட்காரரு, 'அவசரப்படாத, குந்தியே இரு, போட் தூக்கிவிடும்'னாரு. எஸ்டேட் கக்கூஸ்ல குந்தியே வளந்தவளுக்குக் குந்தச் சொல்லித்தரணுமா லா?"

என் சிரிப்பு தெரியாமலிருக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"குந்துனேன் கா. அப்படியே தூக்கிருச்சு! தண்ணி மேல நின்னுக்கிட்டே போறேன். தஞ்சோங் கிளிங் கரையில எல்லாரும் கை தட்டுறாங்க."

"ஒன் வீட்டுக்காரரு?"

"தெறந்த வாய மூடல. அடுத்த ஞாயிறும் போறேன். தினமும் குளிச்சு வர்ற கெஸ்ட்டுக்கெல்லாம் நான்தான துண்டு நீட்டுறேன்? அன்னிக்கு அவரு என் துண்டப் பிடிச்சுக்கிட்டுக் கரையில நிக்கட்டும் லா."