பெண் பார்க்க வந்த நேரம்

காலை ஏழரைக்கு ஓசூரில் கிளம்பிய கிருஷ்ணகிரி பஸ்ஸில், நைட் ஷிப்ட் முடித்த இருவர் எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார்கள்.

"என் உடம்புக்கு இப்பத்தான் தம்பி ராத்திரி ஒம்பது மணி," என்றார் மூத்தவர்.

"நீங்களா கேட்டு வாங்குன நைட் தானேண்ணே?" என்றான் இளையவன்.

"ஆமா. வாராவாரம் ஷிப்ட் மாத்துனப்ப தூக்கமே இல்ல, மெஷின்ல கை நடுங்குச்சு. இப்ப நைட் மட்டும்ங்கறதால பகல்ல நல்லாத் தூங்கறேன். ஆனா ஞாயித்துக்கிழமை மத்தியானம் எம் பொண்ணப் பாக்க மாப்பிள்ள வீட்டுக்காரங்க வந்தாங்க. அவங்க முன்னாலயே உக்காந்தபடி தூங்கிட்டேன்."

"அய்யோ."

"குடிச்சிருக்கேன்னு நெனச்சு, காபிகூட குடிக்காம எந்திரிச்சுட்டாங்க. எம் பொண்ணுதான் வாசல் வரைக்கும் பின்னாலயே போய்ச் சொல்லியிருக்கா. 'எங்கப்பா குடிக்கமாட்டாரு. நைட் ஷிப்ட். இது அவருக்கு நடுச்சாமம். சாயந்தரம் ஆறு மணிக்கு வாங்க, அவரே பேசுவாரு'ன்னு."

"வந்தாங்களா?"

"வந்தாங்க. அந்தப் பையன் மொதல்ல எங்கிட்டத்தான் கேட்டான், 'தூக்கம் தெளிஞ்சுதா மாமா?'ன்னு."

இளையவன் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை.

"மாமான்னு கூப்புட்டான் தம்பி," என்று சொல்லிவிட்டு, ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார்.