எதிர்க்கரைக்கு ஏத்த லென்ஸ்

— மெதுவாப் பேசுடி. ஏரித் தண்ணி மேல சத்தம் அப்படியே போகும்.

— எதிர்க்கரை இருநூறு மீட்டர் தள்ளி இருக்குக்கா. கேட்டாத்தான் என்ன? "லென்ஸ் மாத்துறோம் சார், கொஞ்சம் ஆடாம நில்லுங்க"ன்னு கத்தட்டுமா?

— உன்னைத் துணைக்குக் கூட்டிட்டு வந்தேன் பாரு, என்னைச் சொல்லணும்.

— நான் வரலேன்னா இந்தப் பெரிய லென்ஸை யாரு தூக்குறதாம்? லென்ஸா இது, தண்ணிக் குழாய்!

— கடைக்காரர் பத்து மணிக்குள்ள ரெண்டு லென்ஸையும் கொண்டுவரச் சொல்லியிருக்கார். பிடிச்சதை வெச்சுக்கிட்டு மத்ததைத் திருப்பிக் குடுக்கணும். இப்ப ஏழே கால். எதிர்க்கரையில நிக்கிறவர் ஏழு அம்பதுக்குக் கிளம்பிடுவார்.

— கிளம்புற நேரம் வரைக்கும் மனப்பாடம். பேரு மட்டும் தெரியாது.

— தொப்பிக்காரர்.

— அது அவங்க அம்மா வெச்ச பேரா?

— சிரிக்காதேடி. மூணு மாசமா அவர் அந்தக் கரையில கேமராவோட நிக்கிறார். நான் இந்த பெஞ்சுல உட்கார்ந்திருக்கேன். கேமரா இந்தப் பக்கம்தான் திரும்பியிருக்கு. அவர் பார்க்கிறது என்னையா, எனக்குப் பின்னாடி நாணல்ல வந்து உட்கார்ற கொக்கையான்னு தெரியல. என்கிட்ட இருக்கிற பழைய லென்ஸ்ல அவர் எறும்பு மாதிரி தெரியறார்.

— இதுக்குப் போய் லென்ஸா? நேராக் கேட்டா என்ன?

— என்னன்னு கேட்கிறது? "சார், நான் கொக்கா?"ன்னா?

— ஐயோ அக்கா, வயிறு வலிக்குது! சரி, முதல்ல சின்னதைப் போடு.

— போட்டாச்சு. டம்ளர் அளவுதான் இருக்கு, கைப்பையில வெச்சா வெளியே தெரியாது. உன் குழாயைத் தூக்கினா, அவரைச் சுடப்போறேன்னு நினைச்சுக்குவார்.

— என்ன தெரியுது?

— கொக்கு.

— அவரு?

— அந்தக் கரையிலயும் ஒரு கொக்கு நிக்குது, அதுக்குப் பக்கத்துல மங்கலா. அவர் மேல வெச்சாலும் ஃபோகஸ் காட்டுற பச்சைக் கட்டம் ஓடிப்போய்க் கொக்கு கண்ணுல ஒட்டிக்குது.

— அப்ப சின்னது சரியில்ல. பெரியதை மாட்டு.

— பிடி, தோள் விட்டுப் போகுது. ம்... இதுல இன்னும் மோசம். இப்ப ஒரு நீர்க்காகம் வந்திருக்கு, அது இறகை ஒண்ணு ஒண்ணா எண்ணிடலாம். அவர் முகம் மட்டும் மாவு.

— அக்கா, கடைக்காரர்கிட்ட என்ன சொல்லி வாங்கினே?

— பறவை எடுக்கணும்னு.

— அதுக்கு அவர்?

— கேமராவை வாங்கி ஏதோ அமுக்கினார். "இனிமே பறவை தப்பிக்காதும்மா"ன்னார்.

— அட கடவுளே! வாழ்நாள்ல ஒரே ஒரு பொய் சொன்னே, அதைக் கேமரா நம்பிடுச்சு! குடு இங்கே. மெனு... பறவை, நாய் பூனை, ரயில்... இதோ, மனுஷன். சின்னதையே திரும்பப் போடு.

— பிடிச்சிடுச்சுடி! சட்டுனு. சத்தமே இல்ல. மீசையில நரை தெரியுது.

— கேமராவை ஆட்டாதேக்கா. எக்ஸ்ரே ரூம்ல தினம் அம்பது பேருக்குச் சொல்றியே, மூச்சை இழுத்துப் பிடிங்கன்னு. இப்ப உனக்குச் சொல்லிக்கோ.

— சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன். மூச்சு கேட்கமாட்டேங்குது.

— அவர் கேமரா எங்கே பார்க்குது?

— இங்கே. நேரா இங்கே. நாணல்ல என்ன இருக்குன்னு திரும்பிப் பாரு, சீக்கிரம்.

— ஒரு பிளாஸ்டிக் பாட்டில்.

— அதை எடுப்பாரோ?

— எடுக்கிற ஆளுங்களும் இருக்காங்கதான். ஆனா மூணு மாசமாவா எடுப்பாங்க?

— ஐயோ, குனி! குனிடி!

— என்னக்கா?

— கையை ஆட்டினார்.

— நீயும் ஆட்டாம ஏன் பெஞ்சுக்குக் கீழே போறே? எழுந்திரு, சேலையெல்லாம் மண்ணு.

— போயிட்டாரா பாரு.

— ம்... ஆளைக் காணோம்.

— மணி என்ன?

— ஏழு முப்பத்தஞ்சு.

— கால் மணி நேரம் முன்னாடியே போயிட்டார். நான் கேமராவை நீட்டினது பிடிக்கல போலிருக்கு. நான் ஒளிஞ்சது அதைவிடக் கேவலம். பையை எடு. ரெண்டையும் திருப்பிக் குடுத்துடலாம்.

— ரெண்டையுமா? லூசா நீ? சின்னது எவ்வளவு நல்லாப் பிடிச்சுது!

— பிடிச்சு? யாரை எடுக்கப்போறேன்? கேளு. உங்க மாமா தவறிப்போய் ஏழு வருஷமாச்சு. நான் ஊர்ல இருக்கிறவங்க எலும்பையெல்லாம் பார்க்கிறேன். எதிர்ல நிக்கிறவங்க என்னைப் பார்க்கிறதில்ல, "எப்ப ரிப்போர்ட் வரும்"னுதான் பார்ப்பாங்க. இங்கே ஒருத்தர் பார்க்கிறாரோன்னு ஒரு சந்தேகம். அவ்வளவுதான். அந்தச் சந்தேகத்துக்காகவே காலையில தலையைச் சீவிக்கிட்டு வருவேன். இல்லேன்னு தெரிஞ்சாக்கூடத் தாங்கிக்குவேன்டி. தெரியாமலே போறதுதான்...

— அக்கா, அழுதே, ஏரியில தள்ளிடுவேன்.

— அழலை. சிரிப்பும் வருது. கொக்கோட போட்டி போட்டிருக்கேன், நாப்பத்தாறு வயசுல.

— கொக்குக்கு உன் அளவுக்கு முடி இல்ல, அதை நினைச்சுத் தேத்திக்கோ. சரி, திருப்பிக் குடுக்கிறதுக்கு முன்னாடி என்னை ஒரு படம் எடு. அழகா எடு. மூஞ்சி முழுக்க வரணும்.

— நில்லு... பிடிக்கலடி. உள்ள முன்னே போகுது, பின்னே போகுது, ஒரு இடத்துல நிக்கமாட்டேங்குது. பார்த்தியா, இதுவும் கெட்டுடுச்சு. என் ராசி.

— அந்த லென்ஸ் ஒரு மீட்டருக்குள்ள பிடிக்காதுங்க. நீங்க கொஞ்சம் பின்னாடி போகணும்.

— அக்கா. திரும்பாதே. தொப்பி.

— திரும்பிட்டேன்டி.

— மன்னிச்சுக்கங்க, ஏரியைச் சுத்தி ஓடி வந்தேன். மூச்சு வாங்குது. நீங்க திடீர்னு பெஞ்சுக்குக் கீழே போயிட்டீங்க, மயக்கம் போட்டு விழுந்துட்டீங்களோன்னு...

— மயக்கம்தான் சார். ஆனா நீங்க நினைக்கிற மயக்கம் இல்ல.

— வாயை மூடுடி! சார், நான்... உங்களைப் படமெல்லாம் எடுக்கல. தினமும் இந்தப் பக்கம் கேமராவைத் திருப்பி என்ன எடுக்கிறீங்கன்னு தெரிஞ்சுக்கணும்னுதான். கொக்கா, இல்ல...

— நான் எதையும் எடுக்கலீங்களே.

— கதை விடாதீங்க சார். மூணு மாசமா எங்கக்கா தூக்கத்தைக் கெடுத்துட்டு, எதையும் எடுக்கலையாம்!

— நிஜமாத்தாங்க. இந்தக் கேமரா தண்ணியில விழுந்து செத்தே மூணு மாசமாச்சு. இது வழியா எட்டிப் பார்த்தா இருட்டுத்தான். வெறுங்கையோட நின்னு பார்த்தா இவங்க எழுந்து போயிடுவாங்களோன்னு பயந்துதான், தினமும் தூக்கிட்டு வர்றேன்.