ஸூரா அக்காவுக்கு ஒரு கோட்டு

பெர்மெத்: இதையும் தூக்கி வெளிய போடுங்க அக்கா.

ஸூரா: அடியே, அது சுத்தக் கம்பளி. இன்னும் நல்லா உழைக்கும்.

பெர்மெத்: உழைச்சு முடிச்சாச்சு. முழங்கை ஓட்டையில தெருவே தெரியுது. அடுத்தது என்ன... இதுவும் கறுப்பா?

ஸூரா: கருநீலம்.

பெர்மெத்: ஜன்னல் பக்கம் கொண்டாங்க... கறுப்பு.

ஸூரா: கறுப்புதான் போ. அழுக்கு தெரியாது, யார் கண்ணுலயும் படாது...

பெர்மெத்: அதைத்தான் சொல்றேன். உங்க வீட்டுக்காரர், என் பெரியத்தான், போயி ஆறு வருஷம். துக்கத்துக்கு ஒரு வருஷம்தான் கணக்கு. மிச்சமெல்லாம் யாருக்காக?

ஸூரா: பழகிப் போச்சு, பெர்மெத். வாயைக் கிளறாத.

பெர்மெத்: சரி, கிளறல. மேல் தட்டுல என்ன மூட்டை?

ஸூரா: அதுல கை வைக்காத. கல்யாணம் காச்சியில நம்ம தோள்ல போர்த்தி விட்ட சீர்.

பெர்மெத்: பாப்போம்... ஜரிகை சால்வை. வெல்வெட் அங்கி. இன்னொரு வெல்வெட் அங்கி. அட, இந்த ஊதா அங்கி எங்க அம்மா நம்ம நாத்தனாருக்குப் போட்டதாச்சே. இங்க எப்படி வந்துச்சு?

ஸூரா: நடந்தா வந்திருக்கும்? அவ தன் சம்பந்திக்குப் போட்டா. சம்பந்தி அவங்க மருமகளோட அத்தைக்குப் போட்டாங்க. அந்தம்மா போன வருஷம் எனக்குப் போட்டாங்க.

பெர்மெத்: யாராவது உடுத்தினாங்களா?

ஸூரா: உடுத்தினா அடுத்த கல்யாணத்துக்கு என்னத்தக் குடுக்கிறதாம்?

பெர்மெத்: ஊருக்கே போர்த்தி விடற அளவுக்குத் துணி இருக்கு, தெருவுல இறங்க ஒண்ணு இல்ல. நகருங்க, என் பையைப் பிரிக்கறேன்.

ஸூரா: நான் ரெண்டு ஸ்வெட்டர்தானேடி கேட்டேன்? நீ வேலை பாக்கற தையல்கூடத்தையே வாரிக்கிட்டு வந்திருக்க.

பெர்மெத்: ரெண்டு ஸ்வெட்டர் குடுத்தா ரெண்டு ஸ்வெட்டர் இருக்கும். உடுத்திக்க ஒண்ணும் இருக்காது. இங்க பாருங்க, மூணே நிறம். அக்ரூட் பழுப்பு, பால் வெள்ளை, செங்கல் சிவப்பு. காலையில தூக்கக் கலக்கத்துல எதை எடுத்து எதோட போட்டாலும் பொருந்தும்.

ஸூரா: செங்கல் சிவப்பெல்லாம் என் வயசுக்கா? என் வகுப்புப் பிள்ளைங்க சிரிக்கும்.

பெர்மெத்: கழுத்துத் துணி மட்டும்தான். முகத்துக்குப் பக்கத்துல கொஞ்சம் உயிர் இருக்கட்டும். சட்டையைப் போடுங்க... அதுக்கு மேல இந்தக் கையில்லாத பின்னல்.

ஸூரா: எதுக்கு இத்தனை அடுக்கு?

பெர்மெத்: இந்த பிஷ்கேக் அக்டோபருக்கு வேற என்ன பண்றது? காலையில பல்லு கிடுகிடுங்குது, மத்தியானம் வேர்க்குது, சாயந்திரமானா மலைக்காத்து இறங்குது. ஒவ்வொண்ணா கழட்டலாம், ஒவ்வொண்ணா மாட்டலாம். நீங்க ஒரே மொத்தையா ஒண்ணைப் போட்டுக்கிட்டு மினிபஸ்ல வெந்து போறீங்க.

ஸூரா: இந்தக் கால்சட்டை இடுப்புல பிடிக்கும் போல இருக்கே...

பெர்மெத்: இழுத்துப் பாருங்க. பின்னால எலாஸ்டிக் வச்சிருக்கேன். முன்னால பாத்தா ஒரு பயலுக்கும் தெரியாது. மூக்குப் பிடிக்க பெஷ்பர்மாக் சாப்பிடலாம்.

ஸூரா: அட... ஆமா. உக்கார முடியுது, குனிய முடியுது.

பெர்மெத்: பூட்ஸும் தட்டையாத்தான் வாங்கியாந்தேன். உங்க முட்டியைக் கேட்டுட்டு. எவ்வளவு தூரம் நடந்தாலும் வலிக்காது. ஆமா, எவ்வளவு தூரம் நடக்கப் போறீங்க?

ஸூரா: யாரு? நான் எங்க நடக்கப் போறேன்?

பெர்மெத்: இன்னைக்கே வேணும், மத்தியானத்துக்குள்ள வேணும்னு போன்ல பறந்தீங்களே.

ஸூரா: பள்ளிக்கூடத்துல... ஆசிரியர் தினம்.

பெர்மெத்: அது போன வாரமே முடிஞ்சுது. உங்களுக்குக் குடுத்த செவ்வந்திப் பூ அந்த ஜாடியில வாடிக்கிட்டு இருக்கு.

ஸூரா: ...ஓக் பூங்கா வரைக்கும். இலையெல்லாம் மஞ்சளாயிடுச்சாம். சும்மா ஒரு நடை.

பெர்மெத்: யாரோட?

ஸூரா: தெரிஞ்சவர்.

பெர்மெத்: அந்தத் தெரிஞ்சவர் எனக்கும் தெரிஞ்சவரா?

ஸூரா: நீ பாத்திருப்ப. நம்ம கட்டடத்து வெந்நீர்க் குழாயெல்லாம் பாக்கறவர்.

பெர்மெத்: அவரா? ரேடியேட்டர் ஐஸ்கட்டியா கிடக்கு, நான் கோட்டோட உங்க வீட்டுல உக்காந்திருக்கேன். வீட்டுக்குச் சூடு விடத் துப்பில்லாத ஆளுக்குப் பூங்காவுல நடை கேக்குதா?

ஸூரா: அவர் என்ன பண்ணுவார் பாவம்? மேலேர்ந்து உத்தரவு வந்தாத்தானே திறந்து விட முடியும்?

பெர்மெத்: வக்காலத்தப் பாரு. பேர் என்ன அவருக்கு?

ஸூரா: பேர் எதுக்கு இப்ப?

பெர்மெத்: சும்மா சொல்லுங்க.

ஸூரா: அவர்னே வச்சுக்கயேன்.

பெர்மெத்: அக்கா... நீங்க பேர் சொல்லாம பேசற ஆளுங்க யார் யாரு? பெரியத்தான், மாமனார், அத்தை. ஒரே வீட்டுக்கு மருமகளா வந்த நம்ம நாக்குல புருஷன் பேரும் அவர் வீட்டுப் பெரியவங்க பேரும் வராது. இந்தக் குழாய்க்காரர் பேர் ஏன் வரலை?

ஸூரா: அந்தக் கழுத்துத் துணியை இப்படிக் குடு.

பெர்மெத்: காதெல்லாம் சிவந்து போச்சு. கழுத்துத் துணியே தேவையில்ல.

ஸூரா: சிரிக்காதடி. நானே ராத்திரி படுத்துக்கிட்டு அந்தப் பேரை சொல்லிப் பாத்தேன். தொண்டையிலயே நின்னுக்குச்சு. அப்பத்தான் எனக்கே புரிஞ்சுது.

பெர்மெத்: எப்படி ஆரம்பிச்சுது? ஒண்ணு விடாம சொல்லணும்.

ஸூரா: போன குளிர்காலம் ரேடியேட்டர் சூடாகலனு சண்டை போட்டேன். மனுஷங்க குடியிருக்கற வீடா இது, மீன் கடையானு கத்தினேன். அவர் ரேடியேட்டரைக் கழட்டி, துரு எடுத்து, மாட்டி, கையைக் கழுவிக்கிட்டு, 'இனிமே கோவம் வந்தாலும் கூப்பிடுங்க, வராட்டியும் கூப்பிடுங்க'ன்னார்.

பெர்மெத்: குழாய்க்காரர் நல்லாத்தான் திறந்து விட்டிருக்கார். கூப்பிட்டீங்களா?

ஸூரா: ரேடியேட்டர்ல சத்தம் வருதுனு கூப்பிட்டேன். சத்தமே வரல.

பெர்மெத்: அய்யோ அக்கா...

ஸூரா: அவருக்கும் பொஞ்சாதி இல்ல. இன்னைக்கு எங்கிட்ட ஒண்ணு கேக்கப் போறேன்னு சொல்லியிருக்கார். எனக்கு சந்தோஷமாத்தான் இருக்கு பெர்மெத். பாத்திரம் கழுவும்போது பாட்டு வருது. ஆனா பாட்டு பாதியில நின்னுடுது.

பெர்மெத்: அத்தையை நினைச்சா?

ஸூரா: மூத்த பிள்ளையைப் பறிகொடுத்தவங்க. அவங்களுக்குப் பிள்ளை நினைப்பா இருக்கறது நான் ஒருத்திதான். நானும் இன்னொருத்தர் கூடப் போயிட்டா... அந்தப் பிள்ளை ரெண்டாம் தடவை செத்த மாதிரி இருக்காதா அவங்களுக்கு? பெத்த அம்மா என்னைச் சின்னதுலயே விட்டுட்டுப் போயிட்டாங்க. இவங்களையும் இழந்துட்டு என்னால இருக்க முடியாது.

பெர்மெத்: இழக்கறதுனு யார் சொன்னா? கண்ணைத் தொடைங்க. இந்தக் கோட்டைப் போட்டுப் பாருங்க.

ஸூரா: இது எதுக்கு? இது ரொம்ப உசத்தியா இருக்கே...

பெர்மெத்: வெளியூர் ஆர்டர். அவங்க வேண்டாம்னுட்டாங்க. மீந்து போச்சு.

ஸூரா: மீந்த கோட்டு எனக்குன்னு தைச்ச மாதிரி விழுது. எந்தக் கோட்டு போட்டாலும் எனக்கு மணிக்கட்டு வெளிய நிக்கும். இது விரல் வரைக்கும் வருது.

பெர்மெத்: அதான் வேண்டாம்னுட்டாங்க, கை நீளம்னு. பட்டனைப் போடாம விடுங்க... தோளை நிமித்துங்க... கண்ணாடி பக்கம் திரும்புங்க. எப்படி இருக்கு?

ஸூரா: இந்தப் பொம்பளையை நான் பாத்து ரொம்ப நாளாச்சு.

பெர்மெத்: நல்லா இருக்காங்க இல்ல? கிளம்புங்க, நேரமாச்சு.

ஸூரா: இல்ல. நான் போகல.

பெர்மெத்: என்னக்கா இது?

ஸூரா: இப்படி உடுத்திக்கிட்டு, அத்தைக்குத் தெரியாம, சந்து சந்தா ஒளிஞ்சு போறதா? கேட்டுட்டுப் போறேன், இல்லாட்டி போகல. போனை எடு.

பெர்மெத்: இப்பவேவா?

ஸூரா: இன்னும் கொஞ்சம் யோசிச்சா தைரியம் போயிடும். எடுடி.

பெர்மெத்: ...இந்தாங்க. ஸ்பீக்கர்ல போட்டுட்டேன். எனக்கும் கேக்கட்டும்.

அத்தை: யாரு, ஸூராவா? சாப்பிட்டியா? இங்க மேய்ச்சல் மேட்டுல பனி விழுந்துடுச்சு. மாடுங்களை இறக்கியாச்சு.

ஸூரா: அத்தை... உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். கோவம் வந்தா திட்டிடுங்க, பேசாம மட்டும் இருந்துடாதீங்க. ஒருத்தர்... நல்ல மனுஷர். கூட நடக்கக் கூப்பிடறார். நடை மட்டும் இல்ல அத்தை. நீங்க வேண்டாம்னா நான் போகல.

அத்தை: அந்தக் கோட்டு கை சரியா இருக்கா?

ஸூரா: எந்தக்... பெர்மெத், நில்லு. எங்க நழுவற?

பெர்மெத்: டீக்குத் தண்ணி வைக்க.

அத்தை: அவளை ஏன் விரட்டற? நான்தான் துணி எடுத்துக் குடுத்து, உன் கைக்கு விரற்கடை கூட விட்டுத் தைக்கச் சொன்னேன்.

ஸூரா: உங்களுக்கு எப்படித் தெரியும்?

அத்தை: உன் குழாய்க்காரன் ஜோல்டோஷ் ஒரு ஆட்டையும் இழுத்துக்கிட்டு இவ்வளவு தூரம் வந்து நின்னான். உங்க மருமகளைக் கேக்க வந்திருக்கேன்னான். மருமகளை யாருக்கும் குடுக்கறதா இல்ல, போய்ட்டு வாப்பான்னேன். வேலி வரைக்கும் போனான். நின்னான். திரும்பி வந்து, அப்ப உங்க மகளைக் கேக்கறேன்னான்.

ஸூரா: நீங்க... நீங்க என்ன சொன்னீங்க அத்தை?

அத்தை: ஆட்டைத் தொழுவத்துல கட்டுன்னேன். ஆனா பொண்ணைப் பெத்தவ கேட்ட உடனே சரின்னுடுவாளா? அவ வாயால எங்கிட்ட சொல்லட்டும், அதுவரைக்கும் அவகிட்ட மூச்சு விடாதன்னு அவன்கிட்டயும் பெர்மெத்கிட்டயும் சத்தியம் வாங்கி வச்சேன். இப்ப சொல்லிட்ட இல்ல, மூக்கைச் சிந்திட்டுக் கிளம்பு. அப்புறம், இன்னும் கல்யாணம் ஆகாத பொண்ணு நீ. இருட்டறதுக்குள்ள வீட்டுக்கு வந்து சேரு.