நாலாம் தறியின் பி பக்கம்

மணி பத்தேகால். அவிநாசி சாலை. நீலாம்பூரைத் தாண்டிவிட்டால் அன்றைக்கெல்லாம் விளக்கே கிடையாது. இரண்டு பக்கமும் புளியமரம்... அதற்கப்பால் இருட்டு. ஐப்பசி மழை அப்போதுதான் விட்டிருந்தது. அந்தச் சாலையில் ஒரே ஒரு மொபெட் கருமத்தம்பட்டியைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். சத்தமாகச் சொல்லும் கதை இல்லை இது.

ஓட்டிக்கொண்டு போனவன் யூனுஸ். இதோ உங்களோடு உட்கார்ந்திருக்கும் நம் ரைஹானுடைய சின்ன மாமா. தொண்ணூற்றாறாம் வருஷம். சட்டைப் பையில் ஒரு கேசட். வழி முழுக்க ஒரு கையால் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனான். அந்தக் கேசட்டை அதன் சொந்தக்காரனிடம் கொடுத்துவிட்டு, ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். அதைச் சொல்லத்தான் இருபத்தைந்து கிலோமீட்டர். அந்த வாக்கியம் அவன் வாயில் ஒரு மாதமாக ஊறிக்கொண்டிருந்தது.

என்ன வாக்கியம் என்றால்... அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

கோட்டைமேட்டில் யூனுஸுக்கு ஒரு ரெக்கார்டிங் கடை. கீழே கடை, மேலே வீடு. வீட்டில் அவனும் மனைவி ஹுமேராவும்தான். பகலெல்லாம் கல்யாண வீட்டுக்காரர்களுக்கும் பஸ்காரர்களுக்கும் சினிமாப் பாட்டுப் பதிந்து கொடுப்பான். அது பிழைப்பு. உயிர் வேறு இடத்தில் இருந்தது. யாருமே கேட்டிராத ஆட்களைத் தேடிக் கேட்பான். குன்னூரில் பிஸ்கட் தகரத்தை டிரம்ஸாக அடிக்கும் மூன்று பையன்கள். கிழிந்த ஸ்பீக்கர் வழியாக ஆர்மோனியம் வாசிக்கும் ஈரோட்டு வாத்தியார். கம்பெனி எதுவும் வெளியிடாத பாட்டுகள். ஆட்களே வீட்டில் பதிந்து தபாலில் அனுப்புவார்கள். கேட்டுவிட்டு, நாலு பக்கம் கையால் எழுதி, ஜெராக்ஸ் எடுத்து, நாற்பது பேருக்கு அனுப்புவான். அதற்கு ‘ஓரக்காது’ என்று பேர். வேண்டியவர்கள் எழுதிக் கேட்டால் கேசட்டை நகல் எடுத்தும் அனுப்புவான்.

பக்கத்துக் கடை டெய்லர் ஷேக் பரீத் ஒரு நாள் எட்டிப் பார்த்துக் கேட்டார். “ஏனப்பா யூனுஸு, உள்ளார என்ன, கிரைண்டர் ரிப்பேரா?”

“பாட்டுங்க பாய்.”

“அல்லா! இதையும் காசு குடுத்துக் கேக்கறானுங்களா?”

யூனுஸ் சிரிக்கவில்லை. அவன் அதிகம் பேசுகிறவனும் இல்லை. ஆனால் அவன் ‘கேளுங்கள்’ என்று எழுதினால் நாற்பது பேரும் கேட்பார்கள். அவன் காதை அவர்கள் அப்படி நம்பினார்கள். அவனுக்கென்று இருந்ததே அந்த நம்பிக்கை ஒன்றுதான்.

புரட்டாசிக் கடைசியில் ஒரு பொட்டலம் வந்தது. காடாத் துணியில் சுற்றித் தைத்திருந்தது. பிரித்ததும், தறி நூலுக்குப் போடும் கஞ்சிப் பசை வாசம். உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு மணி நேரக் கேசட். மேலே பென்சிலில் ‘நாலாம் தறி’. கூடவே துண்டுச் சீட்டு.

‘ஓரக்காது பார்த்தேன். எங்களுக்கு நாலு விசைத்தறி. தறிச் சத்தத்தைத் தாளமாக வைத்து கிட்டார் வாசித்திருக்கிறேன். பி பக்கம் வேறு மாதிரி. அதை நிதானமாகக் கேளுங்கள். கேட்டுவிட்டுக் கேசட்டைத் திருப்பி அனுப்புங்கள். இது ஒன்றுதான் இருக்கிறது. நஞ்சுண்டன், கருமத்தம்பட்டி.’

யூனுஸிடம் ஒரு பழக்கம். அசலை ஓட்டிக் கேட்க மாட்டான். ஓட ஓட நாடா தேயும். அசலை ஒரே ஒரு தடவை ஓட்டி நகல் எடுத்துக்கொள்வான். பிறகு கேட்பதெல்லாம் நகலைத்தான். ஏ பக்கத்தை அப்படித்தான் எடுத்தான், கேட்டான். தறி ஓடுகிறது... டடக்கு, டடக்கு... அதற்கு நடுவில் நாலே கம்பியுள்ள கிட்டார். ஒருவன் பாடக்கூட இல்லை. அறுந்த இழைகளை எண்ணிக்கொண்டே போகிறான். ஒன்று... ஏழு... பத்தொன்பது... யூனுஸ் ஹெட்போனில் விடிகிற வரைக்கும் அதையே கேட்டான். பத்து வருஷமாக இதைத்தான் தேடிக்கொண்டிருந்தோமோ என்று தோன்றியது.

பி பக்கத்துக்கு ஒரு வாரம் காத்திருந்தான். அதுவும் பழக்கம்தான். நல்லதை ஒரே நாளில் தீர்த்துவிட மாட்டான். அடுத்த வெள்ளிக்கிழமை ராத்திரி, தெரு அடங்கிய பிறகு, மாடி முன்னறையில் உட்கார்ந்து இரண்டு கேசட்டையும் திருப்பிப் போட்டான். சரியாக மணி பதினொன்று. இரட்டை டெக்கில் இடது பக்கம் ஓடும், வலது பக்கம் பதியும். இரண்டு கேசட்டும் ஒரே கம்பெனி, ஒரே சாம்பல் நிறம். முதல் தடவை நகலில்தான் கேட்க வேண்டும் என்று சத்தத்தை முழுக்கக் குறைத்து, பட்டனை அழுத்திவிட்டுக் கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டான்.

பதினொன்றரைக்கு ‘டக்’ என்று நின்றது.

எழுந்து பார்த்தான். பென்சில் எழுத்து வலது பக்கம் இருந்தது.

வெற்றுக் கேசட்டின் மௌனம் அசலின் மேல் பதிந்திருந்தது. அரைமணி நேரம். முழுசாக. கேசட்டின் முதுகில் ஒரு சின்ன பிளாஸ்டிக் பல் இருக்கும். அதை உடைத்துவிட்டால் மேலே எதுவும் பதியாது. நஞ்சுண்டன் உடைக்கவில்லை. யூனுஸும் பார்க்கவில்லை.

ஓட்டிப் பார்த்தான். ஒன்றுமே இல்லை... நாடாவின் ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சலைத் தவிர.

அன்றைக்கே ஒரு கார்டு எழுதிப் போட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. அவன் என்ன செய்தான் என்றால், உட்கார்ந்து ‘ஓரக்காது’ எழுதினான். ‘பி பக்கம் முப்பது நிமிட மௌனம். தறியை நிறுத்தத் துணிந்த ஒரு கலைஞன். விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள்.’ எழுதும்போது வெட்கம்கூட வரவில்லை. மரத்துப்போன பல்லை நாக்கால் தொடுவதுபோல் இருந்தது.

பதினோரு பேர் கேட்டு எழுதினார்கள். பதினோரு பேருக்கும் அந்த மௌனத்தை நகல் எடுத்து அனுப்பினான். கருமத்தம்பட்டிக்கும் ஒரு ‘ஓரக்காது’ போயிற்று. கேசட் போகவில்லை.

மூன்றாவது வாரம் முதல் கடிதம். பெருந்துறையில் மில் வேலை செய்யும் அழகிரிசாமி. ‘மௌனம் என்று எழுதி ஏமாற்றிவிட்டீர்களே! பி பக்கம்தான் தினமும் கேட்கிறேன். அந்தப் பெண் யார்?’

கிண்டல் செய்கிறார் என்று நினைத்தான். ஆனால் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தான்.

அப்புறம் பல்லடத்துக் கோழிப்பண்ணைக்காரர் எழுதினார். ‘வளையலை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு நூலை முடிவதுகூடக் கேட்கிறது. வாய்க்குள்ளேயே பாடுகிறது அந்த அம்மணி.’

ஒவ்வொன்றாக ஏழு கடிதங்கள். ஒருவரையொருவர் அறியாத ஏழு பேர். ஏழிலும் கடைசி வரி ஏறக்குறைய ஒன்று. பக்கம் முடிகிற இடத்தில் அந்தப் பெண் சொல்கிறாளாம்... “லைட்டை அணைச்சுப்போட்டு வாங்க.”

யூனுஸ் அசலை ஓட்டினான். நகலை ஓட்டினான். ஹெட்போனைக் காதில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டான். ‘ஸ்ஸ்’... அவ்வளவுதான். நாற்பது பேர் நம்புகிற காதுக்கு எதுவும் கேட்கவில்லை.

அதனால்தான் அந்த ராத்திரி, கடையைச் சாத்திவிட்டுக் கேசட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினான். இரவு ஷிப்டில்தான் நஞ்சுண்டன் தறியில் இருப்பான் என்று டீக்கடைக்காரர் ஒருவர் சொல்லியிருந்தார். ‘உங்கள் பி பக்கத்தை நான் அழித்துவிட்டேன்.’ இதுதான் அந்த வாக்கியம்.

ஊருக்கு வெளியே, சோளக்காட்டை ஒட்டி, ஒரு தறிக்குடோன். மேலே சிமென்ட் அட்டை. உள்ளே குண்டு பல்பு. மெஷின் எண்ணெயும் பஞ்சுத் தூசும் கலந்த நெடி. நாலு தறியில் மூன்று ஓடிக்கொண்டிருந்தன. மூலையில் இருந்த நாலாவது நின்றிருந்தது. அதன் மேல் பாதி நெய்த துணி அப்படியே கிடந்தது. அதில் மட்டும் தூசு இல்லை.

“ஏனுங்க... நஞ்சுண்டன் நீங்கதானுங்களா?”

புருவத்திலெல்லாம் பஞ்சு ஒட்டிய ஒல்லி மனிதன் திரும்பி, யூனுஸின் கையிலிருந்த சாம்பல் நிறக் கேசட்டைப் பார்த்தான். “ஓரக்காது பாய்ங்களா! வாங்க, வாங்க. ஒரு நிமிசமுங்க.” மூன்று தறியையும் ஒவ்வொன்றாக நிறுத்தினான். மழை திரும்பவும் பிடித்துக்கொண்டது. அட்டை மேல் சடசடவென்று விழுந்தது. ஓரத்தில் ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்த அவன் அம்மா குழந்தையம்மாள், “நனைஞ்சுபோட்டயே கண்ணு” என்று துண்டை நீட்டினாள்.

“நீங்க எழுதுனதப் படிச்சனுங்க பாய். மௌனம்னு எழுதியிருந்தீங்க. மொதல்ல வெளங்கல. அப்புறம் நெனச்சேன், அவ பேசறது எப்பவுமே அப்புடித்தானுங்க. காத வெச்சுக் கேக்கோணும்.”

“யாருங்க?”

“எம்பட ஊட்டுக்காரிங்க. மாரியாத்தா. அந்த நாலாம் தறி அவளோடதுங்க.” நஞ்சுண்டன் தறியைப் பார்க்கவில்லை. “போன ஆடியில காச்சல் வந்து போய்ட்டா. ஒரு போட்டோ கெடையாதுங்க. அதுல பாடிருக்கறா, அவ்வளவுதான்.”

அப்போது சொல்லிவிட்டான். சொல்லியேவிட்டான். “அது அழிஞ்சுபோச்சுங்க. நாந்தான் அழிச்சுப்போட்டேன். கேசட்ட மாத்திப் போட்டுட்டேன்.”

நஞ்சுண்டன் அவனையே பார்த்தான். பிறகு சிரித்தான். “போங்க பாய், கேலி பண்றீங்க. உங்க காயிதத்தப் படிச்சுப்போட்டு அந்தப் பெருந்துறைக்காரரு இங்கயே வந்துட்டாருங்க. அவருகிட்ட இருந்ததப் போட்டுக் கேட்டமே!”

யூனுஸின் கையிலிருந்து கேசட்டை வாங்கினான். அலமாரியில் ஒரு பழைய டெக். சத்தத்துக்குத் தகுந்தபடி முள் ஆடும் கண்ணாடி அதில் உண்டு. பி பக்கத்தைப் போட்டு அழுத்தினான். சுவரில் கடிகாரம் பதினொன்று.

‘ஸ்ஸ்’ வரும் என்று யூனுஸ் காத்திருந்தான். அதுகூட வரவில்லை. சரி, மழையாவது கேட்கிறதா என்று காது கொடுத்தான்... மழை விட்டுவிட்டதோ? வாசலைப் பார்த்தான். கோடுகோடாக இறங்கிக்கொண்டிருந்தது. அட்டையிலிருந்து தண்ணீர் கொட்டியது. சத்தம் இல்லை. தொண்டையைச் செருமினான். அதுவும் இல்லை.

திரும்பினான். நஞ்சுண்டன் கண்ணை மூடியிருந்தான். குழந்தையம்மாளின் கை ராட்டை மேல் அப்படியே நின்றுவிட்டிருந்தது. அவள் தலை மெல்ல, ஒரு பாட்டுக்கு ஆடுவதுபோல் ஆடிக்கொண்டிருந்தது.

டெக்கைப் பார்த்தான்.

முள் ஆடியது. ஏறி... இறங்கி... கொஞ்சம் நின்று... திரும்ப ஏறியது. யாரோ மூச்சு விட்டுப் பாடுவதுபோல.

அரைமணி நேரம் அந்த முள்ளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பயம் என்று சொல்ல முடியாது. உடம்பில் எந்த உணர்வும் இல்லை. கடைசியில் முள் ஒரு தடவை துள்ளி விழுந்தது. குழந்தையம்மாள் உடனே எழுந்தாள். சுவரோரம் போய் சுவிட்சைத் தட்டினாள்.

இருட்டில் ‘டக்’ என்று டெக் நின்றது. மழைச் சத்தம் மொத்தமாக வந்து தலையில் விழுந்தது.

“கேட்டீங்களா பாய்?” நஞ்சுண்டன் கேட்டான்.

இப்போதாவது ‘இல்லை’ என்று சொல்லியிருக்கலாம். அந்த இருட்டில் யார் முகமும் தெரியவில்லை.

“கேட்டனுங்க” என்றான் யூனுஸ்.

நாலாவது தறியின் பக்கமிருந்து காற்று வந்தது. கஞ்சிப் பசை வாசம். கேசட்டை அவர்களிடமே விட்டுவிட்டுக் கிளம்பினான். வழியெல்லாம் அந்த வாசம் பின்சீட்டிலிருந்தே வந்தது.

மறுநாள் ராத்திரி, மணி பதினொன்றுக்கு, முன்னறையில் மின்விசிறிச் சத்தம் நின்றது. விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. ஹுமேரா உதட்டை அசைத்து ஏதோ கேட்டாள். பதினொன்றரைக்கு எல்லாச் சத்தமும் திரும்ப வந்தது. அதற்கடுத்த நாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும். தினம் அரைமணி நேரம். காது டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். யூனுஸ் ‘ஓரக்காது’வை நிறுத்தினான். அந்த நேரத்தில் முன்னறை நாற்காலியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்ளப் பழகினான். முடிகிற நேரத்தில் விளக்கு அணையும், சத்தம் வரும். ஹுமேராதான் தூங்கச் சொல்லி அணைக்கிறாள் என்று நினைத்திருந்தான்.

மார்கழியில் ஒரு நாள் காலை. ஹுமேரா அரிசி களைந்துகொண்டே வாய்க்குள் எதையோ பாடிக்கொண்டிருந்தாள். அவன் கேட்டறியாத பாட்டு. நடுவில் எண்ணிக்கை வந்தது. ஒன்று... ஏழு... பத்தொன்பது... ஏ பக்கத்து எண்கள். அவளுக்கு அந்தக் கேசட்டை அவன் ஒரு நாளும் போட்டுக் காட்டியதில்லை.

“இத எங்க கேட்ட?”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். ரொம்ப நாளாகச் சொல்ல நினைத்து அடக்கிவைத்திருந்ததுபோல் சொன்னாள்.

“ஏனுங்க, நானும் பாக்கறேன்... தெனமும் அந்தம்மா உங்க நாற்காலிகிட்டயே தரையில உக்காந்து பாடறாங்க. போறப்ப லைட்ட அணைக்கச் சொல்றாங்க, நான் அணைக்கறேன். ஒரு நாளாவது அவங்க பக்கம் திரும்புனீங்களா நீங்க? நேத்து எங்கிட்ட அழுகறாங்க... ‘கேட்டேன்னு சொன்னாரே’ன்னு.”