கூரையில் செருகிய கொப்பி

ஓடுகிறேன் என்று சொல்ல முடியாது. இழுபடுகிறேன். இடது காலில் சாக்குத் துணி சுற்றியிருக்கிறது. கையில் ஈரமண் நிரப்பிய முட்டிப் பானை. அதற்குள், சூடு படாமல், என் ஊசி மருந்துப் போத்தல். என் கணவர் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கி வருகிறார். முன்னால் களப்பு. வள்ளம் ஒன்று வெளிக்கிடப் பார்க்கிறது.

"படுங்க! எல்லாரும் படுங்க!"

படுக்கிறோம். தூரத்தில் 'டும்'. எண்ணுகிறோம். அந்த மாதம் எல்லோருக்கும் எண்ணிப் பழகிவிட்டது. ஒன்பதில் ஷெல் கூவும். பதினொன்றில் விழும். பதினொன்றில் தென்னைகளுக்குப் பின்னால் விழுந்தது. மண் தலையில் கொட்டியது. எழுந்தோம்.

2006. மாரி மழை. வாகரைப் பக்கம், களப்போரத்தில் எங்கள் ஊர். நாள், தேதி என்னிடம் கேட்காதீர்கள். என் தேதிகள் எல்லாம் கிளினிக் கொப்பியில்தான் இருந்தன. அந்தக் கொப்பியைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

எனக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. முப்பத்தாறு வயதில் கண்டுபிடித்தார்கள். மாதம் ஒரு கிளினிக். முதல் பஸ் பிடித்துப் போய், கொப்பியை மேசையில் அடுக்கில் வைக்க வேண்டும். ஆள் வாங்கிலில் உட்கார்ந்திருக்கலாம், வெளியே தேத்தண்ணி குடிக்கலாம். வரிசையில் நிற்பது கொப்பிதான். அதில் என் பெயர், மருந்து, அடுத்த தேதி. கொப்பி இருந்தால் நோயாளி. இல்லாவிட்டால் சும்மா வந்தவர்.

2004 மார்கழி, ஞாயிற்றுக்கிழமை காலை, கடல் வந்தது. வீட்டைக் கொண்டுபோனது. என் கணவரின் வள்ளத்தைக் கொண்டுபோனது. மிதந்து வந்த தகரம் என் இடது பாதத்தைக் கிழித்தது. மேசை லாச்சியில் இருந்த கொப்பியும் போனது.

புண்ணோடு கிளினிக்குக்குப் போனோம். கொப்பி வாங்குகிறவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "கொப்பி இல்லாம மருந்து தர ஏலா. விதானையார்ட கடிதம் கொண்டு வாங்க." ஊருக்குப் பொறுப்பான விதானையாரே அப்போது அகதி முகாமில் இருந்தார். அவருடைய முத்திரையும் கடலோடு போயிருந்தது. என் கணவர் அந்த மேசைக்கு முன்னால் கையெடுத்துக் கும்பிட்டார். கோயிலுக்கு வெளியே அவர் கும்பிட்டு நான் கண்டதில்லை. அப்படியும் நடக்கவில்லை. கடிதம் கிடைப்பதற்குள் இரண்டு கிளினிக் தவறியது. புண் ஆழப் போய்விட்டது.

புதுக் கொப்பி கிடைத்த அன்றே அதற்குப் பொலித்தீன் உறை போட்டார். புதுக் குடிசையில், கூரை வளை மரத்துக்கும் ஓலைக் கிடுகுக்கும் நடுவில் செருகினார். "இனிக் கடல் வந்தாலும் எட்டாது புள்ள" என்றார். எனக்கும் எட்டாது. கிளினிக் நாளில் அவர்தான் எடுத்துத் தருவார். எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். அடையாள அட்டை, காணி உறுதி, பிறப்புப் பத்திரம் எல்லாம் கூரையில். கடல் எங்களுக்கு அதைத்தான் படிப்பித்திருந்தது. மேலேயிருந்து ஒன்று வரும் என்று யார் நினைத்தோம்?

பிறகு சண்டை. பாதை பூட்டப்பட்டது. மூன்று கிளினிக் தவறியது. தேதி வரும். அவர் கொப்பியை எடுப்பார். தேதியைப் பார்ப்பார். திரும்பச் செருகுவார். ஊர் ஆஸ்பத்திரியில் மருந்து முடிந்தது. ஊசியைப் பாதி பாதியாகப் போட்டேன். பெருவிரல் கறுத்தது. பிறகு பாதம். மணம் வந்தது. அவர் சாக்குத் துணியைக் கிழித்துச் சுற்றிவிட்டார்.

வள்ளத்தடிக்கு வந்துவிட்டோம். என்னைத் தூக்கி ஏற்றுகிறார். முட்டியை மடியில் வைக்கிறார். அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. பதுங்கியிருந்த பங்கர்க் குழியிலிருந்து நேரே ஓடி வந்திருந்தோம். கொப்பி கூரையில்.

"கொப்பி இல்லாம அங்க போய் என்ன செய்வாய்? நீ போ புள்ள. அடுத்த வள்ளத்தில வாறன்."

"வேணாம்! ஏறுங்க! ஐயோ, வேணாம்!"

கத்தினேன். அவர் ஓடினார். கரையிலிருந்து வீடு தெரியும். ஒன்று விழுந்தால் அடுத்ததற்குக் கொஞ்ச நேரம் இருக்கும் என்றுதான் எல்லோரும் நம்பினோம். அவரும் நம்பினார். குனிந்து வாசலுக்குள் போனதைக் கண்டேன்.

'டும்'.

வள்ளம் நகர்கிறது. எண்ணுகிறேன். ஒன்பதில் கூவியது. பத்து. பதினொன்று. கூரை இல்லை.

வள்ள ஓட்டி திருப்பவில்லை. பதினேழு பேர் இருந்தோம். வாய்க்கு வந்தபடி ஓட்டியைத் திட்டினேன். இன்று திட்ட மாட்டேன்.

அக்கரையில் பற்றைக் காடு. யாரோ தூக்கினார்கள். பிறகு லொறி. ஓட்டமாவடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இறக்கினார்கள். தறப்பாள் கூடாரத்தின் கீழ் மருந்து கொடுத்தார்கள். மூன்றாம் நாள் என் முறை வந்தது. தாதி வாய் திறக்குமுன் நானே சொன்னேன். "கொப்பி இல்ல, மிஸ்ஸி."

அவர் மருந்துப் பெட்டி ஒன்றின் மூடியைக் கிழித்தார். பேனையைத் திறந்தார். "கொப்பி வேணாம் அம்மா. பேரச் சொல்லுங்க."

பெயர் வரவில்லை. அழுதேன். கால் நோகுது என்று நினைத்துத் தடவிக் கொடுத்தார். பெயரைச் சொன்னால் போதும் என்றால், அதை யாராவது முந்தியே சொல்லியிருக்கக் கூடாதா? எனக்கு இன்றுவரை ஆறாத கோபம் அது ஒன்றுதான்.

பெரியாஸ்பத்திரிக்கு அனுப்ப இன்னும் நான்கு நாள். பாதையால் போக விடும் பாஸ் இருந்தால் வாகனம் இல்லை. வாகனம் வந்தால் பாஸ் இல்லை. முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். கொஞ்சம் முந்தி வந்திருந்தால் விரல்களோடு முடிந்திருக்கும் என்றார் டொக்டர். நல்ல மனிதர். நான் கண்ணை மூடிக்கொண்டேன். களைத்திருந்தேன்.

பின்னால் வந்த அயலவர்கள் அவரைக் கிணற்றடியில் அடக்கம் செய்ததாகச் சொன்னார்கள். கொப்பி அவர் மடியில் இருந்ததாம். எடுத்துவிட்டுத்தான் திரும்பியிருக்கிறார். அவரோடேயே வைத்து மூடிவிட்டார்கள்.

இழந்ததைச் சொல்கிறேன். வீடு இரண்டு. வள்ளம் ஒன்று. தவறிய கிளினிக் ஐந்து. இடது கால். என் கணவர் தங்கராசா, வயது நாற்பத்தைந்து. கொப்பி இரண்டு. முதலாவது கடலில். இரண்டாவது கடைசிவரை நனையவில்லையாம்.